கேஸ் ஃபர்னஸ் பற்றுகிறது, சில விநாடியில் அணைந்துவிடுகிறது. போர்டு போய்விட்டது என்கிறார்கள், உண்மையா?

காவிரிக்கரை (பிராம்ப்டன், கனடா) | ஜனவரி 18, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். வெளியே மைனஸ் 17. வீட்டுக்குள் மதியம் 20 டிகிரி இருந்தது, இப்போது 15. கும்பகோணத்திலிருந்து அம்மா வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் கம்பளியும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சின்னவளுக்கு இரண்டரை வயது. கொஞ்சம் பதற்றத்தோடுதான் எழுதுகிறேன்.

வீட்டைச் சூடாக்கும் இந்த ஃபர்னஸுக்கு 11 வயது, 96 சதவீதத் திறன் என்று ஸ்டிக்கரில் இருக்கிறது. தெர்மோஸ்டாட்டை ஏற்றினால் முதலில் சின்ன மோட்டார் ஒன்று உய்ங்கென்று ஓடுகிறது. அப்புறம் உள்ளே ஒரு துண்டு ஆரஞ்சு நிறத்தில் கனல்கிறது. 'டக்' என்று ஒரு சத்தம், தீ பற்றுகிறது. சில விநாடியில் மறுபடி 'டக்', தீ போய்விடுகிறது. இப்படி மூன்று தடவை முயன்றுவிட்டு ஓய்ந்துவிடுகிறது. சுவிட்சை அணைத்துப் போட்டால் அதே கதை முதலிலிருந்து.

சாயங்காலம் ஒரு கம்பெனியிலிருந்து ஆள் வந்து பத்து நிமிடம் பார்த்தார். ஃபர்னஸை இயக்கும் மின்னணு போர்டு போய்விட்டது, மாற்ற 950 டாலர், 11 வருட மெஷினுக்கு அவ்வளவு கொட்டுவதைவிடப் புதிதே போடலாம் என்று சொல்லி, மாதத் தவணைக் காகிதத்தை நீட்டினார். போர்டுதான் என்று எப்படித் தெரியும் எனக் கேட்டேன், சரியான பதில் வரவில்லை. நாளை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். குளிரில் எல்லோரையும் உட்காரவைத்துவிட்டு நான் செய்தது சரியா என்று இப்போது மனசு அடித்துக்கொள்கிறது.

மார்க்கம்வாசி | இரவு 9.52

காற்று ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் பத்துக்கு ஒன்பது தடவை அதுதான்.

ஸ்காபரோ ஜி2 | இரவு 10.15

வணக்கம் தம்பி. நான் ஜி2 லைசென்ஸோடு (காஸ் டெக்னீஷியன் லைசென்ஸ்) 19 வருசமாக இந்த வேலைதான் செய்கிறேன். காகிதத்தில் கையெழுத்து வைக்காதது நல்லது. முதலில் இரண்டு விசயம் கேட்கிறேன், மற்றது எல்லாம் பிறகு.

காஸ் மணக்கிறதா? அழுகின முட்டை மாதிரி மணந்தால் ஒரு சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியே வாருங்கள், வெளியே நின்று 911 எடுங்கள். அடுத்தது, கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கை அறைகளுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறதா? பட்டனை அமத்திப் பாருங்கள்.

இரண்டும் சரி என்றால் கீழே போய் இன்னும் ஒரே ஒரு தடவை ஃபர்னஸை ஓடவிட்டுப் பாருங்கள். கையில் போன் ஸ்டாப்வாட்ச் இருக்கட்டும். தீ பற்றின நேரத்தில் இருந்து அணைகிற நேரம் வரைக்கும் எத்தனை விநாடி? தீ எல்லாப் பர்னரிலும் நீலமாக நிற்கிறதா, ஒன்றிரண்டில் மட்டுமா? அணையும்போது, வீட்டுக்குள் சூடான காற்றைத் தள்ளுகிற பெரிய காற்றாடி ஓடத் தொடங்கிவிட்டதா? கீழ்க் கதவில் சின்னக் கண்ணாடித் துளை இருக்கும், அதற்குள் ஒரு லைட் மினுங்கும். எத்தனை தரம் மினுங்குகிறது என்று எண்ணி, கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற அட்டவணையில் அதற்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

இந்த நாலுக்கும் விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பற்றி எத்தனை விநாடியில் அணைகிறது என்பதை அளக்காமல் போர்டு போய்விட்டது என்று சொல்கிறவர் ஊகிக்கிறார், பரிசோதிக்கவில்லை.

காவிரிக்கரை | இரவு 10.38

நன்றி அண்ணா. வாடை எதுவும் இல்லை. அலாரத்தை அழுத்தினேன், அம்மா பயந்துபோகிற அளவுக்குக் கத்தியது.

மூன்று முயற்சியையும் அளந்தேன்: 5 விநாடி, 4 விநாடி, 5 விநாடி. நான்கு பர்னரிலும் தீ நன்றாக நீலமாகப் பாய்கிறது. பெரிய காற்றாடி ஓடவே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் அணைந்துவிடுகிறது. சிவப்பு லைட் கணக்கை அட்டவணையில் பார்த்தேன். பற்றவைக்கும் முயற்சி தோற்றதால் பூட்டிக்கொண்டது என்ற வரி. ஆனால் தீ பற்றுகிறதே! அதை என் கண்ணால் பார்க்கிறேன்.

ஸ்காபரோ ஜி2 | இரவு 11.05

நீங்கள் பார்க்கிறீர்கள், போர்டு பார்க்கவில்லை. உங்கள் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

ஒழுங்கைச் சொல்கிறேன். தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் முதலில் ஓடுகிறது புகையை வெளியே தள்ளுகிற மோட்டார். புகை போகிற வழி திறந்திருக்கிறது என்று பிரஷர் சுவிட்ச் உறுதி சொன்னால்தான் இக்னைட்டர் சூடாகும். அதுதான் நீங்கள் கண்ட ஆரஞ்சுக் கனல். பிறகு காஸ் வால்வு திறக்கும், அது முதல் 'டக்'. தீ பற்றி நாலில் இருந்து ஏழு விநாடிக்குள் தீ வந்துவிட்டது என்ற செய்தி போர்டுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் பற்றாத காஸ் உள்ளே நிரம்புகிறது என்று நினைத்து அது வால்வை மூடும். அது இரண்டாவது 'டக்'. உங்கள் போர்டு தன் கடமையைச் சரியாகத்தான் செய்கிறது. பழுதான போர்டு இவ்வளவு ஒழுங்காக மூன்று தரம் முயன்று பூட்டிக்கொள்வதை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன்.

அந்தச் செய்தியைக் கொண்டுபோவது ஃப்ளேம் சென்சார். பேர்தான் பெரிது. பீங்கான் பிடியில் செருகின, பென்சில் ஈயத்தை விடக் கொஞ்சம் தடித்த ஒரு உலோகக் கம்பி, அவ்வளவுதான். நுனி கடைசிப் பர்னரின் தீக்குள் நிற்கும். போர்டு அந்தக் கம்பிக்கு ஏசி மின்னழுத்தம் கொடுக்கும். தீ மின்சாரத்தைக் கடத்தும். ஆனால் கம்பி சிறிது, எர்த் ஆன பர்னர் பெரிது. அதனால் மின்னோட்டம் ஒரு திசையில் கூடவும் மறுதிசையில் குறையவும் போகும். அந்த வித்தியாசம் டிசியாகப் போர்டுக்குத் திரும்பி வரும். அளவு மைக்ரோஆம்பில்தான், அதாவது ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நல்ல நிலையில் பல மாடல்களில் 2 முதல் 5 மைக்ரோஆம்ப் நிற்கும். 1-க்குக் கீழே இறங்கினால் போர்டுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இவ்வளவு சின்ன மின்னோட்டத்தைத் தடுக்க மெல்லிய படலம் ஒன்று போதும். வருசக்கணக்காகத் தீயில் நின்ற கம்பியில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பூச்சு படியும். ஒரு திருகாணியைக் கழற்றிக் கம்பியை வெளியே எடுத்து, மெல்லிய இரும்பு நாரால் துடைத்துத் திரும்பப் பூட்டுகிற வேலை. சொரசொரப்பான உப்புத்தாள் வேண்டாம், அது கீறல் போட்டு அடுத்த படலம் சீக்கிரம் படிய வழி செய்யும். பீங்கானில் வெடிப்பு இருந்தால் துடைத்துப் பலன் இல்லை, மாற்ற வேண்டும்.

இந்த ஒன்ராறியோ மாகாணத்தில் காஸ் கருவிகளில் வேலை செய்ய லைசென்ஸ் வேண்டும். ஆகவே நீங்களே செய்யச் சொல்லி நான் எழுதவில்லை. நாளை யாரைக் கூப்பிட்டாலும் வாசலிலேயே கேளுங்கள்: 'ஃப்ளேம் சிக்னல் எத்தனை மைக்ரோஆம்ப் என்று அளந்து காட்டுவீர்களா?' மீற்றரை எடுத்தால் உள்ளே விடுங்கள்.

இன்றிரவு அடிக்கடி சுவிட்சைப் போட்டு எடுக்காதீர்கள். பூட்டு தானாக விடும், பல மாடல்களில் ஒரு மணி நேரத்தில். எல்லோரும் ஒரே அறையில் படுங்கள். மின்சார ஹீட்டர் இருந்தால் நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள், எக்ஸ்டென்ஷன் வயரில் வேண்டாம். காஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காய மட்டும் கூடாது. வெளிச் சுவரை ஒட்டின குழாய்களில் மெல்லிசாகத் தண்ணீர் ஓடட்டும், குழாய் உறையாமல் இருக்கும்.

எட்மன்டன் அக்கா | இரவு 11.31

ஜி2 அண்ணா விநாடியை எண்ணச் சொன்னது எவ்வளவு முக்கியம் என்பதற்கு எங்கள் கதையைச் சொல்கிறேன். போன வருடம் எங்களுக்கும் ஃபர்னஸ் அணைந்துகொண்டே இருந்தது. இணையத்தில் எல்லாரும் சென்சார், சென்சார் என்று எழுதியிருந்ததால் ஆளைக் கூப்பிட்டு அதைத் துடைத்தோம், புதிதாகவும் போட்டோம். தீரவில்லை. காரணம், எங்களுடையது ஐந்து விநாடியில் அணையவில்லை. ஏழெட்டு நிமிடம் நன்றாக எரிந்து, பெரிய காற்றாடி ஓடி, வீடு லேசாகச் சூடாகி, அப்புறம் அணைந்தது.

அன்றைக்கு மைனஸ் 34. கணவர் வெளியே போய் டார்ச் அடித்துப் பார்த்தால், புகை வரும் வெள்ளைக் குழாயின் வாயில் பனி வளையம் கட்டி, நடுவில் எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை மிச்சம். ஈரப்புகை வெளியே வந்ததும் அங்கேயே உறைந்திருக்கிறது. கொஞ்ச நேரம் ஓடியதும் பிரஷர் சுவிட்ச் விட்டுவிடுகிறது. வெந்நீர்ப் பாட்டிலை வைத்து இளக்கி எடுத்தோம். அதற்கப்புறம் பனி கொட்டும் ஒவ்வொரு நாளும் அந்தப் புகைக் குழாயையும் காற்று இழுக்கும் குழாயையும் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறோம்.

ஸ்காபரோ ஜி2 | இரவு 11.44

ஓம் அக்கா, சரியாகச் சொன்னீர்கள். அதே மாதிரி நிமிடக் கணக்கில் எரிந்து அணைகிற இன்னொன்று, மார்க்கம்வாசி சொன்ன ஃபில்டர். அழுக்கு ஃபில்டர் காற்றை விடாது, உள்ளே சூடு ஏறும், லிமிட் சுவிட்ச் தீயை வெட்டும். ஆனால் பெரிய காற்றாடி ஓடிக்கொண்டே இருக்கும், சூட்டை இறக்க வேண்டுமே. தீ இல்லை, காற்றாடி மட்டும் ஓடுகிறது என்றால் ஃபில்டரில் தொடங்குங்கள். ஒரு இஞ்ச் தடிப்பில் மிக அடர்த்தியான ஃபில்டர் போட்டவர்கள் வீட்டில், புது ஃபில்டரிலேயே இது நடக்கும்.

இந்த 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஃபர்னஸ்கள் ஒரு நாளைக்குப் பல லீற்றர் தண்ணீரை வடிக்கும். வடிகுழாய் அடைத்தாலும் பிரஷர் சுவிட்ச் விட்டுவிடும். தரையில் ஈரம் கண்டால் அதைச் சந்தேகப்படுங்கள்.

பழையவீடு (ஹாமில்டன்) | ஜனவரி 19, காலை 6.50

எங்களுடையது பழைய மாடல், சின்ன பைலட் தீ எப்போதும் எரியும் வகை. பட்டனை அழுத்திக்கொண்டு பற்றவைத்தால் பற்றுகிறது, விரலை எடுத்தால் அணைகிறது. இதற்கும் ஃப்ளேம் சென்சாரா?

ஸ்காபரோ ஜி2 | காலை 7.20

இல்லை, உங்களுடையதில் அந்த வேலையைச் செய்வது தெர்மோகப்புள். பைலட் தீயில் சூடாகி, தானே 25, 30 மில்லிவோல்ட் மின்சாரம் உண்டாக்கி வால்வைத் திறந்து பிடித்திருக்கும். பட்டனை முழுதாக ஒரு நிமிடம் அமத்திப் பிடித்த பிறகும் விட்டவுடனே அணைந்தால், அநேகமாகத் தெர்மோகப்புள் களைத்துவிட்டது. பைலட் தீ மஞ்சளாக, சோம்பலாக, கம்பியைத் தொடாமல் நின்றால் பைலட் துளையில் அழுக்கு. சாமான் விலை குறைவுதான். ஆனால் அந்த வயது ஃபர்னஸ் என்றால் வருகிறவரிடம் ஹீட் எக்ஸ்சேஞ்சரில், அதாவது தீயின் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றுகிற உலோகப் பகுதியில், வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வேகவேலை | காலை 8.05

இதற்கெல்லாம் ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை. எங்களுடையது பர்னர் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச் அடிக்கடி வெட்டியது. இரண்டு வயரையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கிவிட்டேன். இரண்டு மாதமாக ஒரு தொந்தரவும் இல்லை.

ஸ்காபரோ ஜி2 | காலை 8.12

தம்பி, இதை வாசித்த உடனே ஃபர்னஸை நிப்பாட்டுங்கள். வேலைக்குப் போயிருந்தால் வீட்டுக்குப் போன் எடுத்து நிப்பாட்டச் சொல்லுங்கள்.

நீங்கள் முறுக்கினது ரோல்-அவுட் சுவிட்ச் போல இருக்கிறது. தீ உள்ளே போகாமல் முன்பக்கம் வெளியே நாக்கை நீட்டினால் வெட்டுவதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அடிக்கடி வெட்டியது என்றால் புகை வழி அடைத்திருக்கிறது, அல்லது ஹீட் எக்ஸ்சேஞ்சர் வெடித்திருக்கிறது. இரண்டிலும் புகை வீட்டுக்குள் வரலாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. தலையிடி, வாந்தி, களைப்பு என்று காய்ச்சல் மாதிரித்தான் தொடங்கும்.

இங்கே ஒன்ராறியோவில் வுட்ஸ்டாக் நகரத்தில் 2008 டிசம்பரில் ஒரு பொலிஸ் அதிகாரி, அவருடைய கணவர், இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே போய்விட்டது. காஸ் நெருப்பிடத்தின் புகைவழி அடைத்திருந்தது, வீட்டில் அலாரம் இல்லை. அதற்குப் பிறகுதான் அலாரம் கட்டாயம் என்று சட்டம் வந்தது, 2014 அக்டோபரில் அமலானது. நான் ஒவ்வொரு வீட்டிலும் மெஷினைத் திறக்க முன்னம் அலாரத்தைப் பார்ப்பது அதனால்தான். தயவுசெய்து இன்றைக்கே ஒருவரைக் கூப்பிடுங்கள்.

வேகவேலை | காலை 8.40

அணைத்துவிட்டேன் அண்ணா. மனைவிக்கு இரண்டு வாரமாகக் காலையில் தலைவலி. சைனஸ் என்று நினைத்தோம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பச் சொல்லியிருக்கிறேன்.

ஸ்காபரோ ஜி2 | காலை 8.43

டொக்டரிடம் காட்டுங்கள், வீட்டில் காஸ் ஃபர்னஸ் என்பதையும் சொல்லுங்கள். இன்றைக்கே போகவேண்டும்.

காவிரிக்கரை | ஜனவரி 19, மாலை 5.15

முதலில் நல்ல செய்தி. வீடு 21 டிகிரி.

மதியம் வேறு ஒரு தனி டெக்னீஷியன் வந்தார். வாசலிலேயே மைக்ரோஆம்ப் கேள்வியைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே பையிலிருந்து மீட்டரை எடுத்துக் காட்டினார். தீ பற்றிய அந்த நான்கு விநாடியில் 0.6 காட்டியது. கம்பியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். பார்த்தால் அழுக்கு என்றே சொல்ல மாட்டோம். சாம்பல் நிறத்தில், விபூதி தொட்ட விரலால் தடவியது போல ஒரு மங்கல், அவ்வளவுதான். இரும்பு நாரால் நாலைந்து இழுப்பு இழுத்ததும் அடியிலிருந்து பளபளவென்று உலோகம் வந்தது. திரும்பப் பூட்டி ஓடவிட்டார், 3.8. கட்டணம் 140 டாலர். போர்டுக்கு ஒன்றுமில்லை.

அம்மா உங்களை நன்றாக இருக்கச் சொன்னார், அண்ணா.

காவிரிக்கரை | பிப்ரவரி 4, இரவு 8.30

மறுபடியும் வந்துவிட்டேன். இன்று காலையிலிருந்து அதே மாதிரி, 5 விநாடி, மூன்று முயற்சி, பூட்டு. அதே டெக்னீஷியனை அழைத்தேன், வந்தார். 0.9. துடைத்தார், 3.5. பணம் வாங்க மறுத்துவிட்டார். ஆனால் பதினாறு நாளில் எப்படி இவ்வளவு படிந்தது என்பது அவருக்கும் புரியவில்லை.

ஸ்காபரோ ஜி2 | இரவு 9.10

பதினொரு வருசமாகப் படியாதது பதினாறு நாளில் படிந்தால் கம்பியில் பிழை இல்லை, அது குடிக்கிற காற்றில் பிழை. உங்கள் ஃபர்னஸுக்கு வெளியே போகிற குழாய் இரண்டா, ஒன்றா? இந்தக் குளிர்காலத்தில் பேஸ்மென்டில் ஏதாவது கட்டுமான வேலை நடந்ததா? துணி துவைக்கிற இடம் பக்கத்திலா? இன்னொன்று, பர்னரில் இருந்து போர்டுக்கு வருகிற எர்த் வயரின் திருகாணி இறுக்கமா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் சரியில்லாவிட்டாலும் சிக்னல் குறையும். ஆனால் துடைத்தவுடன் 3.5 வருகிறபடியால் அது இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

காவிரிக்கரை | இரவு 9.55

இப்போதுதான் டார்ச்சோடு கீழே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். குழாய் ஒன்றுதான் வெளியே போகிறது. எரிவதற்கான காற்றை இழுக்கும் குழாய் ஃபர்னஸ் அறைக்குள்ளேயே, உச்சியில் வாய் திறந்து நிற்கிறது.

நவம்பரிலிருந்து பேஸ்மென்டில் அம்மாவுக்கென்று ஒரு படுக்கை அறை கட்டிக்கொண்டிருக்கிறோம். ஜனவரி முழுக்க ட்ரைவால் (ஜிப்சம் பலகைச் சுவர்) பூசித் தேய்க்கிற வேலை நடந்தது, போன வாரமும் நடந்தது. ஃபர்னஸ் அறைக்குக் கதவு இன்னும் போடவில்லை. அந்தக் குழாயின் வாய்க்குள் விரலை விட்டேன். மாவில் கை வைத்த மாதிரி வெள்ளையாக வந்தது.

ஸ்காபரோ ஜி2 | இரவு 10.02

கிடைத்துவிட்டது. ட்ரைவால் தூள் தீக்குள் போய்க் கம்பியில் சுடுபட்டு ஒட்டுகிறது. கட்டுமான வேலை நடக்கும்போது அந்தக் காற்றில் ஃபர்னஸை ஓடவிடக் கூடாது என்று கம்பெனிப் புத்தகங்களிலேயே எழுதியிருப்பார்கள், யாரும் வாசிப்பதில்லை. கம்பியை மட்டும் துடைத்தால் காணாது. பர்னர்களைக் கழற்றி உள்ளே இருக்கிற தூளை எடுக்க வேண்டும், பெரிய காற்றாடியையும் பார்க்க வேண்டும். முடிந்தால் அந்தக் குழாயை வெளிச் சுவருக்கு நீட்டிவிடுங்கள். அதுவரைக்கும் தேய்க்கிற வேலையை நிப்பாட்டுங்கள். குழாய் வாயை நீங்கள் துணியால் மூடிவிடாதீர்கள், காற்று இல்லாமல் எரிந்தால் அது வேறு ஆபத்து. பெயின்ட் தின்னர், ப்ளீச் போத்தல்களையும் அந்த அறையில் வைக்காதீர்கள். அந்த ஆவி தீயில் அமிலமாகி ஹீட் எக்ஸ்சேஞ்சரைத் தின்னும்.

வேகவேலை | பிப்ரவரி 5, காலை 7.30

சொல்ல விட்டுப்போனது. எங்கள் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரல் நீளத்துக்கு வெடிப்பு இருந்தது. டெக்னீஷியன் ஓட்டக் கூடாது என்ற சிவப்புச் சீட்டு ஒட்டி கேஸை மூடிவிட்டுப் போனார். புதிது போட்டாயிற்று. மனைவிக்கு இப்போது தலைவலி இல்லை. அன்று காலை 8.12-க்கு நீங்கள் எழுதியதை நான் சேமித்து வைத்திருக்கிறேன் அண்ணா.

காவிரிக்கரை | பிப்ரவரி 27, இரவு 9.05

போன வெள்ளிக்கிழமை பர்னர் நான்கையும் கழற்றிச் சுத்தம் செய்து, காற்றுக் குழாயைச் சுவரைத் துளைத்து வெளியே கொண்டுபோய்விட்டார்கள். எர்த் திருகாணியும் பார்த்தார், இறுக்கமாகத்தான் இருந்தது. இன்று அவரே ஒருமுறை வந்து அளந்தார், 4.1. ஃபர்னஸின் பக்கவாட்டில் தேதியையும் அந்த எண்ணையும் மார்க்கரால் எழுதிவைத்திருக்கிறேன். அம்மாவின் அறைக்கு ஜன்னல் வேலை மட்டும் பாக்கி.

ஸ்காபரோ ஜி2 | இரவு 9.20

எழுதிவைத்தது நல்லது. செப்டம்பர் கடைசியில், குளிர் தொடங்க முன்னம், அதற்குக் கீழேயே அடுத்த எண்ணை எழுதுங்கள். 3-க்குக் கீழே இறங்கியிருந்தால் இங்கே வந்து சொல்லுங்கள், பார்ப்போம். அறை முடிந்ததும் அம்மாவுக்கு ஒரு அலாரத்தை பேஸ்மென்டிலும் மாட்டிவிடுங்கள்.